மைக்ல ஊதாதீங்க

இது நடந்த கதை. நான் பொய் சொல்வதில் பேர்போனவன் என்பது எங்கள் தெரு முழுக்கத் தெரியும். அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்: பொய்யாக இருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பேன். பேய்க்கு வெள்ளைச் சேலை கட்டியிருப்பேன். கால் தரையில் படாமல் நடக்க விட்டிருப்பேன். இந்தக் கதையில் பேய் கண்ணுக்கே தெரியாது. போதாக்குறைக்கு, இதில் மாட்டிக்கொண்டவன் பயந்ததைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம். நடந்தது அப்படி. நான் என்ன செய்ய?

மாட்டிக்கொண்டவன் என் மனைவியின் கடைசித் தம்பி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, அதை அவனே மறந்திருப்பான். நாங்கள் கூப்பிடுவது ஃபியூஸ். கோபம் வந்தால் அவ்வளவு சீக்கிரம் போய்விடுவான்.

மோட்டாருக்குக் காயில் கட்டுவது, அதாவது உள்ளே செம்புக் கம்பி சுற்றித் தருவது, அவன் தொழில். கருகிப்போன மோட்டாரைக் கொண்டுபோய் வைத்தால், ‘யார் இதை இப்படிக் கொலை பண்ணினது?’ என்று கொண்டுபோனவரையே திட்டிவிட்டு, மறுநாள் புதிது போல ஓட வைத்துத் தருவான். வயது ஐம்பது. குரல் மட்டும் நூல் மாதிரி மெல்லியது. அந்த உடம்பில் இருக்கும் கோபத்துக்கும் அந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. பாய்வது புலி, வரும் சத்தம் பூனை. எதிரில் இருப்பவர் சிரித்துவிடுவார். அதனால் இன்னும் கோபம் வரும்.

அவனுக்கு நேர் மூத்தவன், நாங்கள் பெரியவன் என்று சொல்லும் தம்பி, மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தான். அவன் குரல் வெண்கல மணி. ‘இந்தக் குரலை வெச்சுக்கிட்டு நீ எதுக்குடா ஒலிபெருக்கி வாடகைக்கு விடற?’ என்று நானே கேட்டிருக்கிறேன். எந்தக் கூட்டமானாலும் முதலில் அவன்தான் மைக்கைப் பிடிப்பான். மூன்று தரம் ஊதுவான். ஃபூ... ஃபூ... ஃபூ... பிறகு, “ஹலோ, கேக்குதா?” என்பான். நான்கு தெரு தள்ளிப் படுத்திருப்பவனுக்கும் கேட்கும்.

கேட்காமல் போனது ஒருவருக்குத்தான். அவர்களுடைய அம்மா, என் மாமியார். கடைசி வருடத்தில் அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது.

அவர் இறந்த பிறகு ஒரு மண்டபத்தில் இரங்கல் கூட்டம் வைத்தோம். ஃபியூஸ் பேச எழுந்தான். பத்துப் பேருக்கு முன்னால் அவன் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. நான்கே வாக்கியம், மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். மூன்று சொன்னான். நான்காவதற்கு வாயைத் திறந்தபோது மைக் செத்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், மேடையோரம் ஆம்ப்ளிஃபயர் முன்னால் பெரியவன் நிற்கிறான். கை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகின் மேல்.

“போதும் விடு,” என்றான்.

பிறகு அவனே மைக்கை வாங்கி அரை மணி நேரம் பேசினான். நன்றாகத்தான் பேசினான். அதுதான் கொடுமை. மண்டபமே அழுதது.

அன்றிலிருந்து ஆறு வருடம் அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. அந்த நான்காவது வாக்கியத்தை ஃபியூஸ் யாரிடமும் சொல்லவுமில்லை, கட்டிய மனைவியிடம்கூட. நான் ஒருதரம் வாயைக் கிளறிப் பார்த்தேன்.

“மைக்ல சொல்ல வந்தது அத்தான். சொன்னா மைக்லதான் சொல்வேன்.”

பெரியவனும் அந்த ஆறாவது வருடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். ஃபியூஸ் அன்றைக்குத் தெருமுனை வரை வந்தான், நின்றான், திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் எதிரில் ‘பெரியவன்’ என்று யாராவது ஆரம்பித்தால் போதும், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். அதனால் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் வெகுநாள் தெரியாமலே இருந்தன.

இனி ரேடியோவுக்கு வருகிறேன்.

ஹாம் ரேடியோ என்பது கேள்விப்பட்டிருப்பீர்கள். தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தபடியே காற்று வழியாக முகம் தெரியாதவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. ஃபியூஸ் உரிமம் வாங்கினான். கடையில் விற்கிற செட்டைத் தொடமாட்டேன் என்று தானே ஒன்றைக் கட்டினான். வளையத்தில் கம்பி சுற்றுவதெல்லாம் அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. நான்கு மாதத்தில், அலுமினியப் பெட்டிக்குள் உயிரோடு முனகுகிற ஒரு செட் மேசைமேல் உட்கார்ந்துவிட்டது. முகப்பில் ஒரு சின்ன முள். குரல் போகப்போக அது ஆடும்.

அந்த செட்டில் ஒரு சங்கதி உண்டு. கதையே அதில்தான் நிற்கிறது. மேசைக்கடியில் ஒரு மிதி வைத்திருந்தான். மனைவியின் தையல் மெஷினிலிருந்து கழற்றியது, அதற்குத் தனியாக ஒரு சண்டை நடந்தது. மிதித்தால் நீங்கள் பேசலாம், ஆனால் எதுவும் கேட்காது. காலை எடுத்தால் கேட்கலாம், ஆனால் பேச முடியாது. ஆகவே உங்கள் குரல் வெளியே எப்படிப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்தவர் சொன்னால்தான் உண்டு.

தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு அலைவரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். ஆஜர் எடுப்பவர் ஒரு பல் டாக்டரம்மா. பேசுகிற வாய்க்குள் கருவியை விடுவதே தொழிலாகப் போனதால், அடுத்தவர் பேச்சை நறுக்குவதில் அவருக்குக் கூச்சம் கிடையாது.

ஃபியூஸ் பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து ஒரு மைக்கைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு முதல் நாள் பேசினான். காலை எடுத்தான்.

“சார், உங்க குரல் தலகாணிக்கு அடியில இருந்து வருது,” என்றார் டாக்டரம்மா.

குழுவில் ஒரு பேக்கரிக்காரர் உண்டு. அவர் விடவில்லை. “மனுசக் குரலான்னே சந்தேகமா இருந்துச்சு டாக்டர். என் கடையில மாவு உப்பற சத்தம் இதைவிடத் தெளிவா கேக்கும்.”

ஃபியூஸ் மைக்கைச் சுவரில் அடித்தான். இரண்டாவது மைக் வந்தது. ‘இப்ப தலகாணி இல்ல சார், மெத்தை.’ அதுவும் சுவருக்குப் போனது. மூன்றாவதில் குரலோடு சேர்ந்து வண்டு ஒன்று பாடியது. சொல்ல நினைத்த நான்கு வாக்கியம் தொண்டையிலேயே நின்றது. இந்த முறையாவது தன் குரலில், யாரும் திருகைத் திருகாமல், முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவன் செட் கட்டியதன் காரணமே. அதை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தெரியும்.

அந்த வாரம் பெரியவனின் மனைவி ஆள் மூலம் ஒரு பை கொடுத்தனுப்பினார். உள்ளே ஒரு மைக். கனமான இரும்புக் கூடு, வலைபோட்ட தலை, கழுத்தில் ஒரு கீறல். மண்டபத்தில் செத்த அதே மைக்.

ஃபியூஸின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தூக்கி எறியப் போனவன், கூட்டைப் பார்த்ததும் நிறுத்தினான். அப்படி ஒரு கூடு இப்போது விலைக்குக் கிடைக்காது. திருகாணியைக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் குடலை உருவுவது போல உருவிக் குப்பைத் தொட்டியில் போட்டான். சட்டைப் பித்தான் அளவுக்குப் புதிதாக ஒரு கண்டன்சர் மைக் வாங்கி வைத்திருந்தான். அதை அந்தக் காலிக் கூட்டுக்குள் உட்கார வைத்தான்.

“ஓடு மட்டும் அவனோடது. உயிர் என்னோடது,” என்று மனைவியிடம் சொன்னான்.

இரண்டே கம்பிதான் ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டும். ஒன்றைப் பற்றவைத்தான். வாசலில் மணி அடித்தது.

அண்ணியே வந்திருந்தார்.

“மைக் வந்துச்சா தம்பி?”

“வந்துச்சு. உள்ள இருந்ததைக் குப்பையில போட்டாச்சு.”

“பரவாயில்ல. அது உங்களுக்குன்னு அவர் எடுத்து வெச்சது. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன். கடைசி வருசம் அவருக்கு...”

“அண்ணி, இந்த வாசல்ல அவன் பேச்சை எடுக்காதீங்க.”

“இல்ல தம்பி, அந்த மைக்கைக் கையில வெச்சுக்கிட்டு தினமும் அவர்...”

“போதும் விடுங்க அண்ணி.”

சொன்ன பிறகுதான், அது யாருடைய வார்த்தை என்று அவனுக்கே உறைத்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மேசைக்குத் திரும்பினால், மனைவி சுவிட்சை அணைத்திருந்தாள். பற்றவைக்கிற கோல் ஆறிக் கிடந்தது. கூட்டை மூடினான். மூன்று திருகாணியையும் யாருடைய கழுத்தையோ நெரிப்பது போல முறுக்கினான்.

மறுநாள் காலை ஏழு மணி. மிதித்தான், பேசினான். முள் துள்ளி ஆடியது. காலை எடுத்தான்.

“அடேயப்பா,” என்றார் டாக்டரம்மா. “என்ன சார் பண்ணினீங்க? குரல் மணி மாதிரி இருக்கு.”

“இத்தனை நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?” என்றார் பேக்கரிக்காரர்.

ஃபியூஸுக்குப் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான். அப்போது டாக்டரம்மா ஒன்று சேர்த்துக்கொண்டார்.

“ஒரே ஒரு விஷயம். பேசறதுக்கு முன்னாடி மைக்ல ஊதாதீங்க.”

“நான் ஊதலையே.”

“மூணு தரம் ஊதினீங்க சார். நாங்க எல்லாரும் கேட்டோம்.”

ஃபியூஸ் அந்த இடத்திலேயே போய்விட்டான். மைக்கில் ஊதுகிறவனை அவன் மனுசனாகவே மதிப்பதில்லை. மின்விசிறிக் காற்றாக இருக்கும் என்று விசிறியை நிறுத்தினான். ஜன்னலைச் சாத்தினான். மைக் தலையில் பஞ்சு வைத்துக் கட்டினான்.

மறுநாள்.

“மறுபடி ஊதறீங்க சார்.”

“நான் ஊதலைங்க.”

“சரி, கோச்சுக்காதீங்க. நேத்து பேசி முடிச்சதும் நல்லா சிரிச்சீங்களே, அந்த மாதிரி இருங்க.”

அவன் சிரிக்கவில்லை. பேசி முடித்ததும் அவன் செய்தது, காலை எடுத்தது மட்டும்தான்.

மனைவியைக் கூப்பிட்டான். “நான் பேசும்போது நீ பின்னாடி வந்து சிரிச்சியா?”

“உங்களைப் பாத்து எனக்கு எப்பங்க சிரிப்பு வந்துச்சு?”

நான்காம் நாள் துணிந்தான். வேறு பேச்செல்லாம் முடிந்து, டாக்டரம்மா ‘வேற யாருக்காவது எதாவது?’ என்று கேட்டபோது மிதித்தான். ஆறு வருடமாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததைச் சொல்ல ஆரம்பித்தான்.

“எங்க அம்மாவுக்குப் பாட்டுன்னா உயிர். கடைசி வருசம் காது சுத்தமா போயிடுச்சு. ஆனாலும் தினமும் ரேடியோ பக்கத்துல வந்து உக்காந்துக்குவாங்க.”

மூன்றாயிற்று. காலை எடுக்காமல், மூச்சை ஒருதரம் இழுத்துக்கொண்டு நான்காவதற்குத் தயாரானான்.

முள் ஆடியது.

அவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. முள் மட்டும் இரண்டு தரம் ஆடி நின்றது.

திகைத்துக் காலை எடுத்துவிட்டான்.

“ஏன் சார் பாதியில நிறுத்திட்டீங்க?” டாக்டரம்மாவின் குரலில் நிஜமான வருத்தம். “நல்லாத்தான சொல்லிட்டு வந்தீங்க. திடீர்னு ‘போதும் விடு’ன்னா எப்படி?”

ஃபியூஸ் செட்டை அணைத்தான்.

அவன் என்ன நினைத்தான் தெரியுமா? பயப்படவில்லை. குழுவில் எவனோ பெரியவனைத் தெரிந்தவன் இருக்கிறான், மண்டபத்துக் கதையைத் தெரிந்துகொண்டு, இடையில் புகுந்து கேலி பண்ணுகிறான் என்று நினைத்தான். பேக்கரிக்காரர் மேல் சந்தேகம் விழுந்தது. ‘மாவோட சேத்துப் பிசைஞ்சிடுவேன் அவனை,’ என்று எனக்கு ஃபோன் செய்து கத்தினான்.

“முதல்ல உன் வீட்டுல கேட்டுப் பாருடா. உன் குரல் வெளிய எப்படி வருதுன்னு,” என்றேன்.

அது நியாயம் என்று பட்டது அவனுக்கு. கேட்க மட்டும் செய்கிற சின்னப் பெட்டி ஒன்றை இரண்டே நாளில் கட்டினான். அதைச் சமையலறையில் வைத்து, ஹெட்ஃபோனை மனைவியின் தலையில் மாட்டினான்.

“நான் உள்ள போய்ப் பேசறேன். கேட்டுட்டு அப்படியே சொல்லு. புகழ வேண்டாம்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காயில் கட்டுகிற கம்பியின் கனம் பற்றி எதையோ பேசினான். திரும்பி வந்தான்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தாள். தன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி வைத்திருந்தாள்.

“என்ன?”

“வார்த்தையெல்லாம் உங்களோடதுதான்.”

“அப்புறம்?”

“குரல் உங்களோடது இல்ல.”

“ரேடியோல எல்லாக் குரலும் மாறும்டி. கூடு இரும்பு. அது கனமாத்தான் காட்டும்.”

சமையலறை விளக்கைப் போட்டாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஃபியூஸ் தனியாக இருந்தான். சின்னப் பெட்டியைத் தன் மேசைக்கே கொண்டுவந்தான். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டினான். ஜன்னல் சாத்தியிருந்தது. விசிறி ஓடவில்லை.

மிதித்தான்.

பேசவில்லை. பேசாமல் கேட்டான்.

ஒன்றுமில்லை. லேசான இரைச்சல். தூரத்தில் தண்ணீர் கொதிப்பது போல.

முள் அசையவில்லை.

அவனே தன்னை நினைத்துச் சிரிக்கப் போனான்.

அப்போது...

ஃபூ.

முள் துள்ளியது.

ஃபூ.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். உதட்டைக் கையால் பொத்திக்கொண்டான்.

ஃபூ...

பிறகு, காதுக்குள், மிகப் பக்கத்தில்...

“ஹலோ. கேக்குதா?”

வெண்கல மணி.

வேறு யாராக இருந்தாலும் எழுந்து ஓடியிருப்பார்கள். நான் ஓடியிருப்பேன், ஒத்துக்கொள்கிறேன். ஃபியூஸ் ஓடவில்லை. ஆறு வருடம் ஊறின கோபம் பாதத்திலிருந்து ஏறியது. மிதியை இன்னும் அழுத்தினான்.

“கேக்குதுடா. செத்தும் விடமாட்டியா? இதுவும் உன் மைக்கா? இன்னைக்கு நான்தான் பேசுவேன். நீ வாயை மூடு.”

இரைச்சல்.

“எங்க அம்மாவுக்குப் பாட்டுன்னா உயிர்,” என்று ஆரம்பித்தான்.

ஹெட்ஃபோனிலும் அது வந்தது. அவன் வார்த்தை, அண்ணன் குரல். அவனுக்கு அரை விநாடி முன்னதாக.

“கடைசி வருசம் காது...”

முன்னதாக.

“ஆனாலும் தினமும்...”

முன்னதாக.

நிறுத்தினான். அங்கேயும் நின்றது. யாரோ மூச்சு விட்டார்கள். காத்திருந்தார்கள்... நான்காவதற்கு.

ஃபியூஸ் வாயைத் திறக்கவில்லை.

மூச்சு.

மூச்சு.

“போதும் விடு.”

மைக்கைக் கம்பியோடு பிடுங்கிச் சுவரில் அடித்தான். இரும்புக் கூடு இரண்டாகப் பிளந்து தரையில் உருண்டது. பித்தான் மைக் வெளியே தொங்கியது.

அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தான்.

ஒரு கம்பி மட்டும் பற்றவைத்திருந்தது.

இன்னொன்று முனை மினுங்க, சும்மா நின்றுகொண்டிருந்தது. ஈயமே படவில்லை. அன்றைக்கு அண்ணி வந்து மணி அடித்தபோது விட்ட கம்பி. திரும்பி வந்த கோபத்தில் பற்றவைக்காமலே மூடியிருக்கிறான்.

“ஒரு கம்பியில குரல் போகாது அத்தான்,” என்றான் பிறகு என்னிடம். “தெரியாதவன் யாராவது போகும்னு சொன்னா நம்பாதீங்க. நான் கம்பியில பொழைக்கிறவன். அந்த மைக் முதல் நாள்லேருந்தே செத்த மைக். நான் பேசினது ஒரு வார்த்தைகூட வெளிய போகல.”

மணி மாதிரி இருக்கிறது என்று அவர்கள் புகழ்ந்தது அவனை அல்ல. அவன் குரலை அவர்கள் கேட்கவே இல்லை.

நேராக அண்ணி வீட்டுக்குப் போனான். கதவைத் தட்டினான். திறந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

“அன்னைக்கு நீங்க சொல்ல வந்ததை முடிங்க.”

அண்ணி அவன் முகத்தைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

“கடைசி வருசம் அவருக்குப் பேச்சே இல்ல தம்பி. தொண்டையில ஆபரேஷன். குரலை எடுத்துட்டாங்க.”

எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான் அது. அவனிடம் மட்டும் யாரும் சொல்ல முடியவில்லை. எங்கே சொல்ல விட்டான்?

“தினமும் அந்த மைக்கை எடுத்து வெச்சுக்குவார். ஊதுவார். மூணு தரம். அது மட்டும்தான் அவருக்கு வந்துச்சு, காத்து. அதுக்கப்புறம் வாயைத் திறப்பார், ஒண்ணும் வராது. உங்க வீட்டுப் பக்கம் கையைக் காட்டுவார். அழுவார்.”

ஃபியூஸ் நடந்தே வீடு திரும்பினான். அன்று இரவு இரண்டாவது கம்பியைப் பற்றவைத்தான். பிளந்த கூட்டைக் கம்பியால் சுற்றிக் கட்டினான். கோபம் எங்கே போனதென்று தேடினானாம், கிடைக்கவில்லையாம். “சரிடா. நாளைக்கு நான் பேசறேன். நீ கேளு,” என்று மைக்கைப் பார்த்துச் சொன்னானாம். இதை அவன் என்னிடம் சொன்னபோது வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

காலையில் முதலில் தன்னைத் தானே சோதித்துக்கொண்டான். ஹெட்ஃபோனில் நூல் மாதிரி மெல்லிய குரல் வந்தது. சுத்தமாக, தெளிவாக. அவனுடையது. அந்தச் சோதனையில் ஏழு மணி தாண்டிவிட்டது. அவசரமாக மிதித்து, உரிமத்தோடு தனக்கென்று தந்த அழைப்புக் குறியைச் சொல்லி, ஆஜர் என்றான். காலை எடுத்தான்.

டாக்டரம்மாதான் முதலில் பேசினார்.

“யாருங்க நீங்க?”

“நான்தாங்க. காயில் கட்டறவன்.”

“அவர் குரல் எங்களுக்குத் தெரியும். அடுத்தவங்க குறியை எடுத்துப் பேசறது குத்தம். உங்களுக்குத் தெரியுமில்ல?”

“அம்மா, நான்தான் அது. இத்தனை நாளா பேசினது நான் இல்ல.”

“இத்தனை நாள் என்ன, அவர் இப்பத்தானே பேசிட்டுப் போனார்,” என்றார் பேக்கரிக்காரர். மூக்கை உறிஞ்சினார். “நல்ல மனுசன். இன்னைக்கு அழ வெச்சுட்டார்.”

ஃபியூஸின் கால் மிதியைத் தேடியது. “என்ன பேசினார்?”

டாக்டரம்மா சொன்னார். கோபமாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார்.

“அன்னைக்குப் பாதியில விட்ட கதையை முடிச்சார். அவங்க அம்மாவுக்குக் காது போயிடுச்சாம். ஊரே கத்தினாலும் கேக்காதாம். கடைசி நாள் மத்தியானம் இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘யார் குரலும் கேக்கலடா. உன் குரல் மட்டும்தான் எனக்குக் கேக்குது’ன்னு சொன்னாங்களாம். இதைத் திருடிக்கிட்டுப் போய் நீங்க என்ன பண்ணப் போறீங்க? வைங்க கீழ.”

அதுதான் நான்காவது வாக்கியம்.

அந்த மத்தியானம் அறையில் இருந்தது இரண்டே பேர். அம்மாவும் ஃபியூஸும். பெரியவன் ஊரிலேயே இல்லை.

ஃபியூஸ் கத்தவில்லை. எழுந்தான். செட்டைக் கம்பி கம்பியாகப் பிரித்து, மைக்கையும் மிதியையும் சேர்த்து ஒரு சாக்கில் போட்டுக் கட்டினான். சின்னப் பெட்டியை மேலே வைத்துக் கொண்டுவந்து என் வீட்டில் இறக்கினான்.

“அதையும் எடுத்துக்கிட்டான் அத்தான்,” என்றான்.

சாக்கு என் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது. மூட்டை அவிழ்க்கவில்லை. ஆனாலும் தினமும் காலை ஆஜர் எடுக்கும்போது அவன் குறிக்குப் பதில் வருகிறது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தச் சின்னப் பெட்டியை நான் போட்டுக் கேட்கிறேன். வயதானவனுக்கு வேறென்ன வேலை? மூன்று ஊதல். பிறகு ‘ஹலோ, கேக்குதா?’ என் கல்யாணத்தில் நான்கு தெருவுக்குக் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா?

கேட்டு முடித்ததும் ஃபியூஸ் ஃபோன் செய்வான்.

“இன்னைக்கும் சொன்னானா?”

“சொன்னான்டா.”

“பாதியில நிறுத்தினானா?”

“இல்லடா. முடிச்சுட்டான்.”

“முடிச்சுடுவான். அவனை மட்டும் எவனும் நிறுத்தமாட்டான்.” டொக்கென்று வைத்துவிடுவான்.

போன வாரம் ஒருநாள் என் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். பெரியவன் அந்தக் கதையைச் சொன்னான். நான்காவது வாக்கியத்தையும் சொல்லி முடித்தான். ‘உன் குரல் மட்டும்தான் எனக்குக் கேக்குது.’ டாக்டரம்மா அடுத்தவர் பெயரைக் கூப்பிடுவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. இரைச்சல்.

அந்த இரைச்சலுக்குள்...

இன்னொரு குரல். கிழக் குரல். காது கேட்காதவர்கள் பேசுவது போல, கொஞ்சம் சத்தமாக.

“என்னடா சொல்ற...? ஒண்ணும் கேக்கலையே. வாயை வாயை அசைக்கிற. சின்னவன் எங்கடா? அவனைப் பேசச் சொல்லு.”

என் மனைவி எழுந்து பெட்டியை அணைத்தாள். அவளுடைய அம்மா குரல் அவளுக்குத் தெரியாதா?

அன்றைக்கும் ஃபியூஸ் ஃபோன் செய்தான். ‘முடிச்சுட்டான்டா’ என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடம் வந்து சாக்கை அவிழ்த்துவிடுவான். அம்மா கூப்பிட்டு அவன் போகாமல் இருந்ததில்லை. எங்கே போவான் என்பதுதான் எனக்குப் பயம்.

அவன் பேய்க் கதை படிப்பதில்லை. நான் எழுதியது என்று தெரிந்தால் கண்டிப்பாகப் பொய் என்பான். இந்த ஒருமுறை அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.